கோல்கீப்பரை எதை வைத்து அளப்பது? மினசோட்டா பள்ளி மாணவிகளுக்கான ஒரு விருதின் பின்னணி

இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு. இருவரும் ஒரே மாநிலத்தில், பள்ளி அணிக்கு ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்கள்.

முதல் பெண்ணின் அணி பலமானது. ஆடும் வட்டு பெரும்பாலும் எதிரணியின் எல்லையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்து ஷாட்தான் அவளிடம் வரும். 25 ஆட்டங்களில் 250 ஷாட், அதில் 20 கோல். இரண்டாவது பெண்ணின் அணி சுமார்தான். ஆட்டத்துக்கு 35 ஷாட் அவள் மேல் பாய்கிறது. 25 ஆட்டங்களில் 875 ஷாட், 61 கோல்.

ஆட்டத்துக்கு எத்தனை கோல் விட்டார்கள் என்று பார்த்தால் முதலாமவள் 0.80, இரண்டாமவள் 2.44. மூன்று மடங்கு வித்தியாசம். வந்த ஷாட்டில் எத்தனை சதவீதம் தடுத்தார்கள் என்று பார்த்தால் கதை மாறுகிறது. முதலாமவள் 92, இரண்டாமவள் 93. முதல் பெண்ணின் அணி மாநிலப் போட்டிக்குப் போகிறது. இரண்டாவது பெண்ணின் அணி அதற்கு முந்தைய சுற்றிலேயே வீட்டுக்குப் போகிறது. அந்த ஆண்டின் சிறந்த கோல்கீப்பர் விருது யாருக்கு?

இவர்கள் கணக்குக்காக நான் உண்டாக்கிக்கொண்ட பெண்கள். கேள்வி மட்டும் கற்பனை அல்ல. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒவ்வொரு குளிர்காலம் முடியும்போதும் யாராவது உட்கார்ந்து இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஹாக்கி என்றதும் நம் கண்முன் வருவது புல்தரை, கோவில்பட்டி, பந்து. இது அது இல்லை. உறைந்த தளத்தில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, மூன்று அங்குல விட்டமும் ஒரு அங்குலத் தடிமனும் கொண்ட கெட்டி ரப்பர் வட்டை மட்டையால் அடித்து ஆடும் ஆட்டம். அந்த வட்டுதான் பக். எடை ஏறக்குறைய 170 கிராம். ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்து எடுப்பார்கள், இல்லாவிட்டால் தளத்தில் துள்ளும். கோல் ஆறடி அகலம், நாலடி உயரம். அதன் முன்னால் வெளிர் நீலத்தில் பூசிய அரைவட்டம். கோல்கீப்பரின் வீடு, வாசல், அலுவலகம் எல்லாம் அந்த அரைவட்டம்தான்.

மினசோட்டாவில் இந்த ஆட்டம் கிட்டத்தட்ட மாநில மதம். பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்று வண்டி நம்பர் பலகையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் ஏரி முழுக்க உறைந்துவிடும், பிள்ளைகள் அதில் இறங்கி ஆடுவார்கள். பள்ளிப் பையன்களின் மாநில ஹாக்கிப் போட்டி 1945 முதல் நடக்கிறது. பெண்களுக்கு அந்த வாசல் திறக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1994இல்தான் மினசோட்டா பள்ளி விளையாட்டுக் கழகம் பெண்கள் ஹாக்கியை அதிகாரபூர்வமாக ஏற்றது. அமெரிக்காவில் முதலில் அப்படிச் செய்த மாநிலம் அதுதான். முதல் மாநிலப் போட்டி 1995இல், மேப்பிள்வுட் ஊரின் ஆல்ட்ரிச் அரங்கில். நான்கே அணிகள். கோப்பை ஆப்பிள் வேலி பள்ளிக்குப் போனது.

அடுத்த ஆண்டே விருதும் வந்துவிட்டது. பையன்களில் சிறந்த பன்னிரண்டாம் வகுப்பு ஆட்டக்காரருக்கு 1985 முதல் ‘மிஸ்டர் ஹாக்கி’ பட்டம் இருந்தது. 1996இல் பெண்களுக்கு ‘மிஸ் ஹாக்கி’. முதலில் வாங்கியவர் ரோஸ்வில் பள்ளியின் வின்னி ப்ராட். பிறகு வந்த பட்டியலைப் பார்த்தால் அமெரிக்கத் தேசிய அணியின் வருகைப் பதிவேடு போலவே இருக்கும்: கிரிஸ்ஸி வெண்டல், ஜீஜீ மார்வின், ஹானா பிராண்ட், டேனி கேமரனேசி, கிரேஸ் ஜம்விங்கிள், டெய்லர் ஹைஸி.

இந்தப் பெயர்களில் ஒருவர்கூட கோல்கீப்பர் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாரும் கோல் போடுகிறவர்கள், அல்லது பின்னாலிருந்து ஆட்டத்தைக் கட்டி எழுப்புகிறவர்கள்.

இதில் சதி ஒன்றும் இல்லை. பார்க்கிற கண்ணின் பழக்கம் அப்படி. கோல் போட்டால் கூட்டம் எழுந்து நிற்கும், பலகையில் எண் மாறும், ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள். தடுத்தால் எதுவும் மாறாது. மாறாமல் வைத்திருப்பதுதான் வேலை. தண்ணீர் வராத நாளில்தானே மோட்டார் போடும் ஆளை நினைக்கிறோம், அந்த மாதிரி.

பள்ளியைத் தாண்டிக் கல்லூரிக்குப் போனாலும் இதே கதைதான். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஹாக்கியின் தலையாய விருது பாட்டி காஸ்மையர் விருது, 1998 முதல் கொடுக்கப்படுகிறது. 2025 வரையிலான 28 முறைகளில் கோல்கீப்பருக்குப் போனது நான்கு முறை: 2000இல் ஆலி புரூவர், 2009இல் ஜெஸ்ஸி வெட்டர், 2017இல் ஆன்-ரெனே டெபியன், 2021இல் ஏரின் ஃப்ராங்கல். ஆண்கள் கல்லூரி ஹாக்கியின் ஹோபி பேக்கர் விருதில் இன்னும் மோசம். முதன்முதலாக ஒரு கோல்கீப்பர் அதை வாங்கியது 1988இல், டுலூத் ஊர்க்காரர் ராப் ஸ்டாபர். அவருக்குப் பிறகு 2001இல் ரயன் மில்லர். அவ்வளவுதான். ஸ்டாபரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

ஆகவே தனி விருது தேவைப்பட்டது. பையன்களில் சிறந்த பன்னிரண்டாம் வகுப்பு கோல்கீப்பருக்கு ஃப்ராங்க் பிரிம்செக் விருது. பெண்களுக்கான கோல்கீப்பர் விருது பல ஆண்டு அந்த மாநிலத்தின் ஹாக்கிப் பத்திரிகையான ‘லெட்ஸ் ப்ளே ஹாக்கி’யின் பெயரில் வழங்கப்பட்டது, பிறகு ஜோரி ஜோன்ஸ் விருது என்று பெயர் பெற்றது. பருவ முடிவில் சில பெயர்கள் இறுதிப் பட்டியலுக்கு வரும். மாநிலப் போட்டியை ஒட்டி நடக்கும் விருந்தில், மிஸ் ஹாக்கியோடு சேர்த்து அறிவிப்பார்கள். எண்களைக் கூட்டிக் கழித்து இயந்திரம் துப்புகிற முடிவு அல்ல இது. ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் கூடிச் சொல்வது.

பிரிம்செக் யார் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அளவுகோல் பிரச்சினை முழுவதும் அவர் ஊரிலேயே இருக்கிறது.

மினசோட்டாவின் வடக்கே இரும்புச் சுரங்கப் பகுதியில் எவலத் என்று ஒரு சின்ன ஊர். இந்த ஓர் ஊரிலிருந்து மட்டும் அந்தக் காலத்தில் மூன்று பேர் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லுக்குக் கோல்கீப்பர்களாகப் போனார்கள்: மைக் கராகஸ், ஃப்ராங்க் பிரிம்செக், சாம் லோப்ரெஸ்டி. பிரிம்செக் 1938இல் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்குள் நுழைந்தார். முதல் எட்டு ஆட்டங்களில் ஆறில் எதிரணிக்கு ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. ‘மிஸ்டர் ஜீரோ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகம், சிறந்த கோல்கீப்பர் இரண்டுமே அவர்தான். பாஸ்டன் கோப்பையையும் வென்றது.

1941 மார்ச் 4. பாஸ்டனும் சிகாகோவும் மோதுகின்றன. பாஸ்டன் பக்கம் பிரிம்செக், சிகாகோ பக்கம் அவருடைய ஊர்க்காரர் லோப்ரெஸ்டி. அன்று இரவு பாஸ்டன் அடித்த ஷாட் 83. லோப்ரெஸ்டி தடுத்தது 80. இன்றைக்கும் ஆளை வாய்பிளக்க வைக்கிற எண் அது. பாஸ்டன் 3-2 என்று வென்றது.

வெறும் முடிவுத் தாளை எடுத்துப் பாருங்கள். லோப்ரெஸ்டி: மூன்று கோல் விட்டார், தோற்றார். பிரிம்செக்: இரண்டு கோல் விட்டார், வென்றார். தாளில் பிரிம்செக் மேலானவர். விருதுக்கு இன்றுவரை அவர் பெயர்தான். அது தகாத பெயர் என்று சொல்லவில்லை. பிரிம்செக் பெரிய ஆட்டக்காரர், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்த ஓர் இரவை மட்டும் வைத்து விருது கொடுக்கச் சொன்னால் என் ஓட்டு எதிர்ப்பக்கம் நின்றவருக்கு.

தொழில்முறை லீக்குக்கே இந்தப் பாடம் புரிய நாளாகியிருக்கிறது. என்எச்எல்லின் வெசினா கோப்பை பல பதிற்றாண்டுகள் குறைவான கோல் விட்ட அணியின் கோல்கீப்பருக்கே போய்க்கொண்டிருந்தது. அதாவது ஒரு அணியின் பின்வரிசை முழுக்கச் சேர்ந்து செய்த வேலைக்குக் கடைசி ஆள் பரிசு வாங்கினார். 1981-82 பருவத்தில் அதை மாற்றி, அணிகளின் மேலாளர்கள் ஓட்டுப் போட்டுச் சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். குறைவான கோல் கணக்குக்கு ஜென்னிங்ஸ் கோப்பை என்று வேறொன்றை உண்டாக்கினார்கள்.

சரி, பள்ளி மட்டத்துக்கு வருவோம். அங்கே எண்கள் இன்னும் வழுக்கலானவை.

முதலில் நேரம். மினசோட்டா பள்ளி ஆட்டம் 17 நிமிடம் கொண்ட மூன்று பகுதி, மொத்தம் 51 நிமிடம். கல்லூரியிலும் தொழில்முறையிலும் அது 60. 1275 நிமிடம் ஆடி 40 கோல் விட்ட பெண்ணுக்கு 51 நிமிடக் கணக்கில் சராசரி 1.60. அதே ஆட்டத்தை 60 நிமிடக் கணக்கில் போட்டால் 1.88. எதிலும் மோசடி இல்லை, ஆனாலும் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது, ஷாட்டை எண்ணுவது யார்? பள்ளி ஆட்டத்தில் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஒரு தன்னார்வலர், ஒரு பெற்றோர், ஒரு மாணவர். கோலுக்குள் போயிருக்கக்கூடியதுதான் ஷாட். கம்பத்தில் பட்டுத் திரும்பியது கணக்கில் சேராது. வெளியே போய்க்கொண்டிருந்ததைக் கோல்கீப்பர் சும்மா கையில் பிடித்தால் அதுவும் சேரக் கூடாது. ஆனால் தூரத்தில் உட்கார்ந்து, நடுவில் பத்துப் பேர் மறைக்க, அது உள்ளே போயிருக்குமா போயிருக்காதா என்று நொடியில் எப்படிச் சொல்வது? ஓர் ஊர் மேசை தாராளமாக எண்ணும், இன்னோர் ஊர் மேசை கஞ்சத்தனமாக எண்ணும். தாராளமான ஊரில் பிறந்த கோல்கீப்பருக்கு வருடத்துக்கு ஐம்பது தடுப்பு இலவசம்.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நல்ல கோல்கீப்பர் ஷாட்டைத் தடுப்பதோடு நிற்க மாட்டாள். பக்கை நெஞ்சோடு அணைத்து அமுக்கிவிடுவாள், அல்லது மட்டையால் மூலைக்குத் தள்ளிவிடுவாள். எதிரணிக்கு இரண்டாவது வாய்ப்பே கிடையாது. ஒரு தாக்குதல், ஒரு ஷாட், ஒரு தடுப்பு. சுமாரான கோல்கீப்பர் அதே ஷாட்டைத் தடுத்து, பக்கைத் தன் காலடியிலேயே போட்டுவிடுவாள். எதிரணிப் பெண் மறுபடி அடிப்பாள், தட்டுத்தடுமாறி அதையும் தடுப்பாள், மூன்றாவதையும் தடுப்பாள். கூட்டம் ஆர்ப்பரிக்கும். தாளில் மூன்று தடுப்பு. வேலையை ஒழுங்காகச் செய்தவளுக்கு ஒன்று. சதவீதம் போட்டால் தடுமாறியவள் மேலே நிற்கவும் வாய்ப்புண்டு!

அப்புறம், குறைவாக ஷாட் வாங்குகிறவளின் வேலை சுலபம் என்ற எண்ணம். தொடக்கத்தில் சொன்ன முதல் பெண்ணுக்கு நான் கொஞ்சம் அநியாயம் செய்துவிட்டேன். ஆட்டத்துக்குப் பத்து ஷாட் என்றால் சராசரியாக ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. இடைப்பட்ட நேரம் முழுக்கக் குளிரில் நிற்கிறாள். மற்றவர்கள் ஓடிச் சூடாகிறார்கள், இவள் உடம்பில் வியர்வை ஆறுகிறது. திடீரென்று எதிரணி ஒருத்தி தனியாகப் பக்கைக் கொண்டுவந்து முன்னால் நிற்கிறாள். பலமான அணிகள் எல்லாரும் முன்னேறி ஆடுவதால் இப்படித் தனியாகப் பிடுங்கிக்கொண்டு ஓடி வரும் தாக்குதல்கள் அவர்களுக்கு எதிராகத்தான் வரும். பத்தில் மூன்று அந்த வகையாக இருந்துவிட்டால் அது சின்ன வேலை இல்லை. கணக்கிலும் அவளுக்கு மன்னிப்பு குறைவு. பருவம் முழுவதிலும் நாலே நாலு கோல் கூடுதலாக விட்டால் அவளுடைய 92 சதவீதம் 90.4க்கு இறங்கிவிடும். மற்றவளுக்கு அதே நாலு கோல் கூடினாலும் 93லிருந்து 92.6க்குத்தான் இறங்கும்.

ஆகவே தேர்ந்தெடுப்பவர்கள் எதைப் பார்ப்பார்கள்? பக்கத்தில் போய் நின்றால்தான் புரியும்.

ஒவ்வொரு பகுதி தொடங்கும் முன்னும் கோல்கீப்பர் தன் நீல வட்டத்துக்குள் போய், ஸ்கேட் விளிம்பால் தளத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுவாள். புதிதாகத் தண்ணீர் விட்டு உறைய வைத்த தளம் கண்ணாடி மாதிரி வழுக்கும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் நினைத்த இடத்தில் நிற்க முடியும். கீறி முடித்ததும் மட்டையால் இடது கம்பத்தை ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு. சடங்கு மாதிரித் தெரியும். உண்மையில் பின்னால் திரும்பிப் பார்க்காமல் தான் எங்கே நிற்கிறோம் என்று அளந்துகொள்வது அது. ஒரு கையில் பக்கைப் பிடிக்கும் வலைக் கிளவுஸ், மட்டை பிடித்த கையின் புறங்கையில் பலகை மாதிரி பிளாக்கர், கால்களில் தொடைவரை உயர்ந்த தடித்த பேடு. முழு உடுப்பும் வாங்கப் போனால் ஆயிரம் டாலரைத் தாராளமாகத் தாண்டும். சிறு வயதுப் பிள்ளைகளுக்குப் பல ஊர்களில் கிளப்பே ஒரு ஜோடி பேடு வாங்கி வைத்து மாற்றி மாற்றிக் கொடுப்பது இதனால்தான். இந்த வாரம் யார் கோலில் நிற்பது என்று சுற்றி வரும் பேட்டைக் கழற்ற மனமில்லாமல் ஒரு பிள்ளை நிற்குமே, கோல்கீப்பர்கள் பெரும்பாலும் அப்படித்தான் உருவாகிறார்கள்.

ஷாட் வரும்போது நல்ல கோல்கீப்பர் கோல் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. அடிக்கிறவளை நோக்கி ஓரிரு அடி முன்னே வருவாள். டார்ச் வெளிச்சத்துக்கு முன்னால் கையை நீட்டினால் சுவரில் நிழல் பெரிதாவது போல, முன்னே வர வர அவள் பின்னால் தெரியும் கோல் சிறுத்துப்போகும். ரொம்ப முன்னே வந்தாலோ, பக்கத்தில் நிற்கும் இன்னொருத்திக்குப் பக்கைத் தள்ளிவிட்டுக் காலியான கோலில் போட்டுவிடுவார்கள். பிறகு முழங்காலை உள்ளே மடித்து, பேடுகளை இரண்டு பக்கமும் விரித்துத் தளத்தோடு படுக்க வைக்கும் வண்ணத்துப்பூச்சி நிலை. கீழ்ப்பாகம் முழுக்க அடைபட்டுவிடும். யாரும் கற்றுக்கொள்ளலாம். எப்போது இறங்குவது என்பதில்தான் ஆள் வித்தியாசம் தெரியும். அடிக்கிற மாதிரி பாவனை காட்டியதும் தொப்பென்று இறங்கிவிடுகிறவளைத் தேர்வாளர்கள் பட்டியலில் கீழே தள்ளிவிடுவார்கள். அவள் சதவீதம் என்னவாக இருந்தாலும் சரி. அதே போல ஒரு மோசமான கோலை விட்ட அடுத்த நிமிடம் அவள் எப்படி நிற்கிறாள் என்பது எந்தத் தாளிலும் வராது. அரங்கில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

இன்னொன்று, இது பன்னிரண்டாம் வகுப்பினருக்கு மட்டுமான விருது. மினசோட்டாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடத் திறமை இருந்தால் பள்ளியின் முதல் அணியில் ஆடலாம். பின்னாளில் ஒலிம்பிக் அணிக்குத் தலைவியான நாட்டலி டார்விட்ஸ், ஈகன் பள்ளிக்கு ஏழாம் வகுப்பிலேயே ஆடியவர். ஒரு பெண் ஆறு வருடம் கோலில் நின்றிருக்கலாம், அதில் ஐந்து வருடத்துக்கு இந்த விருதில் இடமில்லை. ஆறாவது வருடம் முட்டி பிசகினால் அவ்வளவுதான். இது எனக்குக் கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை தலையில் மாநிலத்தின் சிறந்தவள் என்ற பட்டத்தை ஏற்றாமல் இருப்பதிலும் ஒரு நல்லது இருக்கிறது.

கடைசி வருடம் மட்டும் என்ற விதி யாரைத் தவறவிடக்கூடும் என்பதற்கு ஆண்டோவர் பள்ளியின் மேடி ரூனியை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

ரூனி ஆண்டோவரில் பெண்கள் அணிக்குக் கோலில் நின்றவர். 2014-15, பன்னிரண்டாம் வகுப்பு. அந்த வருடம் பெண்கள் அணியை விட்டுவிட்டு, அதே பள்ளியின் பையன்கள் அணிக்குப் போனார். இன்னும் வேகமான ஷாட்டுகளைச் சந்தித்தால்தான் தேற முடியும் என்ற எண்ணம். பெண்கள் ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவரைப் பெண்கள் விருதுக்கு எப்படி எடைபோடுவது?

பிறகு டுலூத்தில் மினசோட்டா பல்கலைக்கழக அணி. 2018 பிப்ரவரி 22, தென்கொரியாவின் காங்னுங். ஒலிம்பிக் இறுதி ஆட்டம், எதிரே கனடா. அமெரிக்கப் பெண்கள் தங்கம் வாங்கி 20 ஆண்டு ஆகியிருந்தது. 2-2 என்று முடிந்து, கூடுதல் நேரமும் தீர்ந்து, ஒற்றைக்கு ஒற்றை ஷூட்அவுட். அமெரிக்கா சார்பில் முதலில் கோல் போட்டவர் ஜீஜீ மார்வின். வாரோட் என்ற, இரண்டாயிரம் பேர்கூட இல்லாத மினசோட்டா எல்லையோர ஊர்க்காரர், 2005இன் மிஸ் ஹாக்கி. ஆறாவது சுற்றில் ஜோஸ்லின் லமுரூ-டேவிட்சன் கோல் போட்டார். அடுத்து கனடாவின் மேகன் அகோஸ்டா வந்தார். முதல் சுற்றில் ரூனியை ஏமாற்றிக் கோல் போட்டவர் அவரேதான். இந்த முறை ரூனி தடுத்தார். ஆறில் நான்கு தடுப்பு, தங்கம். ரூனிக்கு வயது 20. அன்று அமெரிக்க அணியின் பயிற்சியாளர், கல்லூரி ஹாக்கியின் தலையாய விருதை வாங்கிய முதல் கோல்கீப்பர் ராப் ஸ்டாபர்.

பெண்கள் பையன்களின் அணிக்குப் போவது ரூனியோடு தொடங்கியதல்ல. 1998 நாகானோவில் முதன்முதலாகப் பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்கில் வந்தபோது அமெரிக்க அணியின் கோல்கீப்பர்களில் ஒருவரான சாரா டிகாஸ்டா, ரோட் ஐலண்டில் பள்ளிப் பையன்களின் முதல்நிலைப் பிரிவில் ஆடிய முதல் பெண். 1992இல் மனோன் ரேயோம் என்எச்எல் முன்பருவ ஆட்டமொன்றில் டாம்பா பே அணிக்காக ஒரு பகுதி முழுக்கக் கோலில் நின்று ஒன்பது ஷாட்டில் ஏழைத் தடுத்தார். ஆண்கள் ஹாக்கிக்குள் பெண்கள் நுழைந்த கதவு பெரும்பாலும் கோல் கதவாகவே இருந்திருக்கிறது. உடலோடு உடல் மோதித் தள்ளும் ஆட்டத்தில் கோல்கீப்பரை மட்டும் தள்ளக் கூடாது என்பது ஒரு காரணம். முகமூடிக்குள் இருப்பது யார் என்று பக்குக்குத் தெரியாது என்பது இன்னொன்று. அந்த முகமூடியே இவர்கள் தந்த சீர் என்று சொல்லலாம். ஜாக் பிளாண்ட் என்எச்எல்லில் 1959இல் போட்டு அதைப் பிரபலமாக்கினார். அதற்கு 32 ஆண்டு முன்பே, 1927இல், கனடாவின் குயீன்ஸ் பல்கலைக்கழகக் கோல்கீப்பர் எலிசபெத் கிரகாம் வாள்சண்டைக்காரர்களின் வலை முகமூடியை மாட்டிக்கொண்டு ஆட வந்துவிட்டார்.

1994க்குப் பிறகு நிலைமை மாறியது. பையன்கள் அணியில் ஓர் இடத்துக்காகக் கெஞ்ச வேண்டியதில்லை, பெண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் கோலில் நிற்க ஒருத்தி தேவை. அந்தத் தேவையிலிருந்துதான் இன்றைய கூட்டம் உருவானது. 2024இல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கில் முதல் கோப்பையை வென்றது மினசோட்டா அணி. கோலில் முறை வைத்து நின்றவர்கள் நிக்கோல் ஹென்ஸ்லியும் ரூனியும். லீக்கிலும் முதல் வருடத்திலிருந்தே கோல்கீப்பருக்குத் தனி விருது. கல்லூரி மட்டத்திலும் 2021இல் தேசிய கோல்கீப்பர் விருதைத் தனியாகத் தொடங்கினார்கள். அதை முதலில் வாங்கிய ஏரின் ஃப்ராங்கல் அதே வருடம் காஸ்மையரையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்.

பள்ளி விருதை வாங்கிய பெண்ணுக்கு அடுத்து என்ன? இங்கே கோல்கீப்பரின் கணக்கு மற்றவர்களின் கணக்கிலிருந்து பிரிகிறது. ஒரு கல்லூரி அணியில் முன்வரிசைக்குப் பன்னிரண்டு பேர், மூன்று மூன்று பேர் கொண்ட வரிசைகளாக மாறி மாறி, ஒரே ஆட்டத்தில் இறங்குவார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் நாலாவது வரிசையில் சில நிமிடங்கள் கிடைத்துவிடும். கோலுக்கு வழக்கமாக மூன்று பேரை வைத்திருப்பார்கள், ஆடுவது ஒருத்தி. அந்த ஒருத்தி நன்றாக ஆடினால் மற்ற இருவரும் வருடம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். போட்டியும் மாநிலத்துக்குள் இல்லை. மினசோட்டா பல்கலைக்கழகம் 2012-13இல் ஆடிய 41 ஆட்டத்தையும் வென்றபோது கோலில் நின்றவர் பின்லாந்திலிருந்து வந்த நோரா ராட்டி. பக்கத்து விஸ்கான்சினில் பிறகு நின்ற டெபியன் கியூபெக்கிலிருந்து வந்தவர்.

ஆக, பிப்ரவரியில் மாநிலத்தின் சிறந்த கோல்கீப்பர் என்று மேடையேறிய பெண், அக்டோபரில் கல்லூரி அணியின் பெஞ்ச் ஓரத்தில் தொப்பியோடு உட்கார்ந்திருப்பாள். பேடு கட்டியிருக்கும், கிளவுஸ் மடியில் இருக்கும். ஓடிக் களைத்த வரிசை உள்ளே வரும்போதும் புது வரிசை வெளியே பாயும்போதும் பெஞ்சின் சின்னக் கதவைத் திறந்து மூடுவது அவள் வேலை. நடுவில் ஓய்வு கிடைத்தால் ஒரு தாளில் எதிரணியின் ஷாட்டுகளைக் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருப்பாள். கம்பத்தில் பட்டதைச் சேர்க்காமல்.